டிடிபி கடைக்கு எழுதிய கிளீனிங் விதிகள்

கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் சாஃப்ட்வேரிடம் எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று நாமே எழுதிக் கொடுக்கலாம் என்பது நம்மூரில் பலருக்குத் தெரியாது. பட்டனை அழுத்துகிறோம், பச்சைக் கோடு ஓடுகிறது, கடைசியில் இத்தனை ஜிபி மிச்சம் என்று வருகிறது, மனசுக்கு ஒரு திருப்தி. அந்த இத்தனை ஜிபிக்குள் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டிருக்க மாட்டேன், உறவுக்கார அண்ணன் ஒருவரின் கடையைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழாமல் இருந்திருந்தால்.

கடை கடலூர் மஞ்சக்குப்பத்தில். கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருக்கும் எல்லாக் கடைகளையும் போலத்தான்: முன்னால் ஜெராக்ஸ், ஆதார் பிரிண்ட், ஆன்லைன் அப்ளிகேஷன்; தடுப்புக்குப் பின்னால் ஒரு டிசைனர் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று ஓட்டிக்கொண்டிருப்பார். ஆக இரண்டு கம்ப்யூட்டர். கவுன்ட்டரில் இருப்பதை ஒரு அக்கா பார்த்துக்கொள்கிறார். எனக்கு வேலை புதுச்சேரியில், ஞாயிற்றுக்கிழமை வாக்கில் வந்தால் இந்த இரண்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவேன்.

இரண்டிலும் சி டிரைவ் 120 ஜிபி எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத டிஸ்க். டப்பாவில் 120 என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் கணக்குக்கு அது 111 சொச்சம்தான், ஏனென்றால் தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024, 1024ஆக எண்ணுகிறது. அதில் விண்டோஸுக்குப் போக, ஹைபர்னேட் ஃபைல் (திறந்திருக்கும் வேலையை அப்படியே சேமித்துவிட்டு கம்ப்யூட்டரை அணைப்பதற்கானது) ஒன்று உட்கார்ந்திருக்கும், விண்டோஸ் 10இல் பொதுவாக ராம் அளவில் 40 சதவீதம். அப்டேட்டுக்கென்று விண்டோஸே ஒதுக்கிக்கொள்ளும் இடம் ஏறக்குறைய 7 ஜிபி. மிச்சம் இருப்பதில்தான் டிசைன் வேலைக்கான கோரல்டிரா, ஃபோட்டோஷாப், வாட்ஸ்அப், பிரவுசர் எல்லாம் குடித்தனம் நடத்த வேண்டும். இடம் தீரப்போகிறது என்று சிவப்புக் கோடு வருவது ஆச்சரியம் இல்லை. வந்ததும் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் அங்கேயும் செய்துகொண்டிருந்தார்கள், ஏதாவது ஒரு கிளீனரை இறக்கி எல்லா டிக்கையும் போட்டு ஓட்டுவது.

இந்தக் கிளீனர்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிகிளீனர் என்ற பெயர் தெரியாத ஆள் இருக்க முடியாது. அதற்குள்ளே எந்தெந்த சாஃப்ட்வேர் எங்கெங்கே குப்பை போடுகிறது என்ற பட்டியல் ஒன்று இருக்கிறது. அது போதாது என்று நினைப்பவர்கள் வின்ஆப்2 என்ற பெயரில் ஒரு ஐஎன்ஐ ஃபைலை, அதாவது செட்டிங் எழுதும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலை, அதன் பக்கத்தில் வைத்தால், அதிலிருக்கும் விதிகளையும் சேர்த்துப் படித்துக்கொள்ளும். அந்த ஃபைலை உலகம் முழுக்க இருக்கும் ஆர்வலர்கள் பல வருடங்களாகச் சேர்ந்து எழுதி வருகிறார்கள், புரோகிராம்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாஃப்ட்வேர்களுக்கு அதில் விதி இருக்கிறது. 2017 ஆகஸ்டில் வெளிவந்த சிகிளீனர் 5.33இன் 32 பிட் பதிப்புக்குள்ளேயே யாரோ வைரஸை நுழைத்து, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்கு அது போய்ச் சேர்ந்த கதை வெளியே வந்ததிலிருந்து நான் பிளீச்பிட் என்ற இன்னொரு கிளீனருக்கு மாறிவிட்டேன். இது ஓப்பன் சோர்ஸ் (உள்ளே எழுதியிருப்பதை யாரும் பார்க்கலாம்), 2008இலிருந்து இருக்கிறது, லினக்ஸிலும் ஓடும். இதன் செட்டிங்கில் ஒரு டிக் போட்டால் அதே வின்ஆப்2 விதிகளை இதுவும் இறக்கிக்கொள்ளும்.

விதி எழுதுவது பெரிய வித்தை இல்லை. நோட்பேட் போதும். முதல் வரியில் சதுர அடைப்புக்குள் ஒரு பெயர், வெளியிலிருந்து சேர்த்த விதி என்று தெரிய பெயரின் கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி. அடுத்து "டிடெக்ட்" வரி: ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸ் செட்டிங் பட்டியலில் இந்தக் கீயோ, டிஸ்க்கில் இந்த ஃபைலோ இருந்தால்தான் இந்த சாஃப்ட்வேர் இங்கே இருக்கிறது என்று அர்த்தம், இல்லையென்றால் விதியையே காட்டாதே. அதற்குக் கீழே "ஃபைல்கீ" வரிகள், ஒன்று, இரண்டு என்று எண் போட்டு. ஒவ்வொன்றிலும் ஃபோல்டர் பெயர், ஒரு செங்குத்துக் கோடு, எந்த மாதிரி ஃபைல் என்ற நட்சத்திரக் குறிச் சமாச்சாரம் (குறி இருக்கும் இடத்தில் எந்த எழுத்தும் வரலாம்), இன்னொரு கோடு, அப்புறம் "ரிகர்ஸ்" என்று எழுதினால் உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்குள்ளும் போகும், "ரிமூவ்செல்ஃப்" என்று எழுதினால் காலியான ஃபோல்டரையும் சேர்த்துத் தூக்கும். கடைசியாக "எக்ஸ்க்ளூட்கீ": இதைத் தொடாதே. அவ்வளவுதான் இலக்கணம்.

இந்த இலக்கணத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, ஃபைல்கீ வரியில் வயது சொல்ல இடம் இல்லை. டெம்ப் ஃபைல் என்பது சாஃப்ட்வேர் வேலைக்கு நடுவே தற்காலிகமாக எழுதிக்கொள்வது; ஒரு மாதப் பழைய டெம்ப் ஃபைலும் இப்போதுதான் பிறந்த டெம்ப் ஃபைலும் அதற்கு ஒன்றுதான். விண்டோஸோடு வரும் பழைய டிஸ்க் கிளீனப் ஒரு வாரத்துக்கு மேல் தொடப்படாத டெம்ப் ஃபைலைத்தான் அழிக்கும். சிகிளீனரிலும் 24 மணி நேரத்துக்குள் வந்த டெம்ப் ஃபைல்களை விட்டுவிடச் சொல்லும் டிக் ஒன்று உண்டு. அந்தக் கால இடைவெளியை யாரோ யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது இந்தக் கடையில்தான்.

எனக்கு முன்னால் கடையைப் பார்த்துக்கொண்டவர், பேர் எதற்கு, டெஸ்க்டாப்பை வேகமாக்குகிறேன் என்று ஸ்டார்ட்டப் ஃபோல்டரில் ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டுவது) போட்டுவிட்டுப் போயிருந்தார். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதெல்லாம் டெம்ப் ஃபோல்டரை மொத்தமாகக் காலி செய்யும், இரண்டு வரி. இதை இணையத்தில் யார் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள், ரொம்பப் பிரபலமான வித்தை. பார்த்தால் நியாயமாகவும் தெரியும்: ஆன் ஆகும் நேரத்தில் எந்த சாஃப்ட்வேரும் திறந்திருக்காது, அதனால் டெம்ப்பில் இருப்பதெல்லாம் நேற்றைய மிச்சம், அழித்தால் என்ன?

கரண்ட் ஒழுங்காக இருக்கும் ஊரில் இது சரி. கோரல்டிரா வேலை நடக்கும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஆட்டோ பேக்கப் என்று ஒரு நகல் எடுத்து வைக்கும். நாம் வேறு இடம் சொல்லாவிட்டால் அதை வைக்கும் இடம் டெம்ப் ஃபோல்டர். ஒழுங்காகச் சேவ் செய்து மூடினால் அந்த நகலை அதுவே அழித்துவிடும். கரண்ட் போய் திடீரென்று நின்றால் நகல் அங்கேயே இருக்கும், அடுத்த முறை திறக்கும்போது "மீட்கட்டுமா" என்று கேட்கும். இப்போது வரிசையாகப் பாருங்கள். கரண்ட் போகிறது, யுபிஎஸ் பேட்டரி செத்து நாளாகிவிட்டது, கம்ப்யூட்டர் அணைகிறது. கரண்ட் வருகிறது, ஆன் செய்கிறார்கள், டிசைனர் கோரலைத் திறப்பதற்கு முன்பே அந்த இரண்டு வரி பேட்ச் ஃபைல் ஓடி முடித்துவிடுகிறது. கோரல் திறக்கிறது. எதையும் கேட்பதில்லை. நாலு பக்கப் பத்திரிகை, இரண்டு வீட்டு உறவுமுறைப் பட்டியலும் டைப் அடித்தது, போய்விட்டது. டிசைனர் இதற்குப் பல நாள் கோரலைத்தான் திட்டிக்கொண்டிருந்தார், ஆட்டோ பேக்கப் என்பதே சும்மா பேருக்கு என்று.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் நம் பக்கம் கரை ஏறியபோது மாவட்டத்தில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை, 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோதும் ஊர் இருட்டில்தான் கிடந்தது. அவ்வளவு பெரிய புயல்கூட வேண்டாம், ஐப்பசியில் ஒரு நல்ல மழை போதும். இந்த ஊரில் டெம்ப் ஃபோல்டருக்கு விதி எழுதுகிற ஆள் கரண்ட்டை மனதில் வைத்துத்தான் எழுத வேண்டும்.

அதனால் முதல் வேலை அந்த பேட்ச் ஃபைலைத் தூக்கியது. இரண்டாவது, கோரலின் ஆட்டோ பேக்கப் இடத்தை டி டிரைவில் தனி ஃபோல்டருக்கு மாற்றியது. மூன்றாவது, டெம்ப்புக்கு விதி: ஒரு வாரத்துக்கு மேல் பழசானது மட்டும், "ஆட்டோபேக்கப்" என்று பெயர் ஆரம்பிக்கும் எதையும் தொடாதே, ஆன் ஆகும்போது ஓடாதே. வயது சொல்ல வேண்டியிருப்பதால் இதை வின்ஆப்2 பாணியில் எழுத முடியாது, விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லில் சில வரிகளாக எழுதி, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வைத்தேன்.

டிசைன் கம்ப்யூட்டரில் உண்மையிலேயே இடத்தைத் தின்பவை வேறு. ஃபோட்டோஷாப் பாதியில் மடங்கினால் "ஃபோட்டோஷாப் டெம்ப்" என்று ஆரம்பித்து ஒரு எண்ணோடு முடியும் பெரிய பெரிய ஃபைல்களை விட்டுவிட்டுப் போகும், ஃபிளெக்ஸ் வேலையில் ஒவ்வொன்றும் ஜிபி கணக்கில் இருக்கும். இதற்கு விதி எழுதுவது சுலபம், பெயர் தெளிவாக இருக்கிறது, ஃபோட்டோஷாப் ஓடவில்லை என்பதை மட்டும் பார்த்துக்கொண்டால் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம். பிரிண்டர் விஷயமும் அப்படித்தான். பிரிண்ட்டுக்குக் காத்திருப்பவை தங்கும் விண்டோஸின் ஸ்பூல் ஃபோல்டரில் எஸ்பிஎல், எஸ்எச்டி என்று முடியும் ஃபைல்கள் சேர்ந்து கிடந்தால் ஏதோ ஒரு பிரிண்டரின் செட்டிங்கில் அச்சான ஆவணத்தை வைத்திரு என்று டிக் போட்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு விதி எழுதத் தேவையே இல்லை, டிக்கை எடுத்தால் போதும். விதி எழுதும் ஆர்வத்தில் இருப்பவர்கள் இதை மறந்துவிடுவார்கள்: பாதிக் குப்பைக்கு அது உருவாகும் இடத்திலேயே ஒரு செட்டிங் இருக்கும்.

கோரலின் இன்னொரு பழக்கம்தான் சிக்கலானது. சேவ் செய்யும் ஒவ்வொரு முறையும் முந்தைய நிலையை "பேக்கப் ஆஃப்" என்ற முன்னொட்டோடு அதே ஃபோல்டரில் வைத்துவிடும். டி டிரைவைத் திறந்தால் எல்லா டிசைனுக்கும் ஒரு இரட்டைப் பிள்ளை. நட்சத்திரக் குறி போட்டு ஒரே வரியில் எல்லாவற்றையும் துடைத்துவிடலாம், இடமும் நிறைய கிடைக்கும். அப்படிச் செய்யலாமா என்று கேட்டதற்கு டிசைனர் நாற்காலியோடு திரும்பிப் பார்த்த பார்வையிலேயே பதில் தெரிந்துவிட்டது. சில வேலைகளுக்கு மூல ஃபைல் கெட்டுப் போய், இந்த நகல் மட்டும்தான் உயிரோடு இருக்கிறதாம். அதனால் விதியில் ஒரு நிபந்தனை சேர்த்தேன்: முன்னொட்டை நீக்கினால் வரும் பெயரில் மூல ஃபைல் அதே ஃபோல்டரில் இருக்க வேண்டும், அதன் அளவு நகலைவிட ரொம்பக் குறைந்திருக்கக் கூடாது, இரண்டும் சரி என்றால் மட்டும் நகல் போகலாம். இணையத்தில் இறக்கும் எந்த விதியிலும் இந்த நிபந்தனை இருக்காது. அவர்களுக்குக் கோரல் தெரியும், இந்தக் கடையில் எந்த ஃபைல் எதற்காக உயிரோடு இருக்கிறது என்பது தெரியாது.

இப்போது கவுன்ட்டருக்கு வருவோம். அங்கே கதையே தலைகீழ். பின்னால் இருப்பவருக்கு எதுவும் அழியக்கூடாது, முன்னால் இருப்பதில் எதுவும் தங்கக்கூடாது.

ஆதார் பிரிண்ட் எடுக்க வருகிறவர் ஓடிபி சொல்கிறார், பிடிஎஃப் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இறங்குகிறது, பிரிண்ட் எடுத்து பணம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். பிடிஎஃப் போகவில்லை. அதன் பாஸ்வேர்டு பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருடமும் என்பது ஊருக்கே தெரியும். பட்டா, வில்லங்கச் சான்று, மாற்றுச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், எல்லாம் வாட்ஸ்அப் வழியாக வந்து வந்து அதே ஃபோல்டரில் குவிகிறது. நான் முதலில் திறந்து பார்த்தபோது கீழே இழுத்துக்கொண்டே போனேன், முடியவே இல்லை. எந்தக் கிளீனரும் இதைக் குப்பை என்று சொல்லாது, சொல்லவும் கூடாது, ஏனென்றால் வீட்டு கம்ப்யூட்டரில் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் என்பது நாமே இறக்கி வைத்த நம்முடைய பொருள். இந்தக் கவுன்ட்டரில் அது அடுத்தவருடைய பொருள், நம்மிடம் இருக்கவே கூடாதது.

"டெய்லி சாயங்காலம் எல்லாத்தையும் அழிச்சிடலாமாக்கா?" என்றேன்.

"அய்யோ வேணாம் தம்பி, காலைல அப்ளிகேஷன் போட்டவங்க மறுநாள் வந்து, அந்த பிரிண்ட் இன்னொண்ணு குடுங்கம்பாங்க. திரும்ப ஓடிபி, திரும்ப சர்வர் பிஸி."

நியாயம்தான். இரண்டு நாள் என்று பேசி முடித்தோம். ஆதார் பிடிஎஃப் மட்டும் அன்றன்றைக்கே, அதில் அக்காவும் விட்டுக்கொடுத்தார். இறங்கும்போதே பெயர் "இஆதார்" என்று ஆரம்பிப்பதால் அதைத் தனியாகப் பிடிப்பது கஷ்டம் இல்லை. மற்றவை இரண்டு நாள் கழித்துப் போகும்.

இங்கே தேதியில் ஒரு பொறி இருக்கிறது, விதி எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. விண்டோஸில் ஒரு ஃபைலுக்கு மூன்று தேதி: உருவான தேதி, திருத்திய தேதி, கடைசியாகத் திறந்த தேதி. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான ஸ்கிரிப்ட் திருத்திய தேதியைப் பார்க்கிறது, விண்டோஸோடு வரும் ஃபார்ஃபைல்ஸ் கட்டளையும் அதைத்தான் பார்க்கும். ஆனால் பென்டிரைவிலிருந்து ஒரு ஃபைலைக் காப்பி செய்தால் திருத்திய தேதி பழையதாகவே வரும், உருவான தேதிதான் இன்றைக்கு மாறும். அதாவது ஒருவர் 2016இல் எடுத்த குடும்பப் படத்தை இன்று காலை பென்டிரைவில் கொண்டுவந்து கொடுக்கிறார், டெஸ்க்டாப்பில் ஒட்டுகிறோம், "30 நாளுக்கு மேல் பழசு" என்ற விதி சாப்பாட்டு நேரத்தில் ஓடுகிறது, படம் காலி. கேட்டால் பத்து வருடப் பழசு என்று சொல்லும். ஜிப்பை விரித்தாலும் இதே கதை. சரி, கடைசியாகத் திறந்த தேதியைப் பார்க்கலாமே என்றால் அதை நம்ப முடியாது, வேகத்துக்காக விஸ்டா காலத்தில் அதைப் பதிவதையே நிறுத்தி வைத்தார்கள், விண்டோஸ் 10இல் அதைப் பதிவதா வேண்டாமா என்பதை சிஸ்டமே முடிவு செய்துகொள்கிறது. ஆகவே வெளியிலிருந்து ஃபைல் வந்து விழும் இடங்களுக்கு உருவான தேதி, நாமே வேலை செய்யும் இடங்களுக்குத் திருத்திய தேதி. இதை ஒரு விதிக்கு ஒரு முறை யோசித்தே ஆக வேண்டும்.

பிரவுசர் குப்பையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேஷை (பார்த்த பக்கங்களின் சேமித்த நகலை) அழித்தால் மறுபடி சேரும், அரசு இணையதளங்கள் இன்னும் மெதுவாகத் திறக்கும். குக்கியை (லாகினை நினைவில் வைக்கும் குறிப்பை) அழித்தால் கடையின் லாகின் எல்லாம் போகும், வாட்ஸ்அப் வெப்பும் சேர்ந்து போகலாம், மறுபடி க்யூஆர் காட்ட அண்ணன் போன் வேண்டும், அண்ணன் பேப்பர் வாங்கப் புதுவை போயிருப்பார். வாடிக்கையாளர் தன் ஜிமெயிலைத் திறக்க வேண்டும் என்றால் குரோமின் கெஸ்ட் விண்டோவில் திறக்கச் சொல்லியிருக்கிறேன். மூடியதும் அதன் தடயம் போய்விடும், இறக்கிய ஃபைல் மட்டும் டவுன்லோட்ஸில் இருக்கும், அதை நம் விதி பார்த்துக்கொள்ளும்.

அழித்த ஃபைலைத் திரும்ப எடுக்க முடியாதபடி அழிக்க வேண்டாமா என்று ஒரு நண்பர் கேட்டார். பிளீச்பிட்டில் மேலே எழுதி அழிக்கும் வசதி இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் அதற்கு அர்த்தம் உண்டு. எஸ்எஸ்டியில் நாம் எழுதுவது அதே இடத்தில்தான் போய் விழும் என்று உத்தரவாதம் இல்லை, உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் தன் இஷ்டத்துக்கு இடம் மாற்றும். மறுபுறம், அழித்த இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும் டிரிம் என்ற ஏற்பாடு இருப்பதால் சாதாரணமாக அழித்த ஃபைலையே எஸ்எஸ்டியிலிருந்து மீட்பது பெரும்பாலும் நடக்காது. ஆதார் பிடிஎஃப் விஷயத்தில் இது நல்லது. டிசைன் ஃபைல் விஷயத்தில் இதுவே பயம்: முன்பு தவறி அழித்ததை ரெக்கூவா மாதிரி எதையாவது ஓட்டி எடுத்துக்கொண்டிருந்தோம், இப்போது அந்த நம்பிக்கை வேண்டாம். விதிகள் அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்கும் போவதில்லை.

அதனால் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டரில் என் விதிகள் எதுவும் நேராக அழிப்பதில்லை, நகர்த்துகின்றன. டி டிரைவில் ஒரு ஃபோல்டர், அதற்குள் நகர்த்திய மாதத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர். அங்கே எதற்கு வயது பார்க்க வேண்டும், ஃபோல்டர் பெயரே சொல்லிவிடும். மூன்று மாதம் யாரும் தேடவில்லை என்றால் போகும். ஃபோட்டோஷாப் டெம்ப் மாதிரி சந்தேகமே இல்லாதவை மட்டும் விதிவிலக்கு.

மூன்று மாதம் என்பதற்கும் ஒரு எதிர்ப்பு வந்தது, அது எனக்குத் தோன்றவே தோன்றாத இடத்திலிருந்து. கண்ணீர் அஞ்சலி. ஒருவர் இறந்த அன்று மாலைக்குள் போஸ்டர் வேண்டும், வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும், பெரும்பாலும் ஏதோ குரூப் போட்டோவிலிருந்து வெட்டியது, டிசைனர் பின்னணியை நீக்கி, முகத்தைத் தெளிவாக்கி, கருப்பு வெள்ளைப் பட்டையோடு முடித்துக் கொடுப்பார். அந்தப் படத்தை அப்புறம் யாரும் தொட மாட்டார்கள். சரியாக ஒரு வருடம் கழித்து அதே குடும்பம் வரும், முதலாம் ஆண்டு நினைவஞ்சலி, "அன்னைக்கு போட்டீங்களே, அதே படம்." அவர்களிடம் அந்தப் படம் இருக்காது, போன் மாறியிருக்கும். வயதை வைத்து எழுதும் எந்த விதியும் இந்தப் படத்தை முதலில் பிடிக்கும். பெயரும் உதவாது, "வாட்ஸ்அப் இமேஜ்" என்று தேதியோடு கிடக்கும், முன்னால் இருக்கும் கவுன்ட்டரில் இதே பெயர் என்றால் இரண்டு நாளில் போக வேண்டிய பாஸ்புக் பக்கம்.

இதற்கு விதியால் தீர்வு இல்லை, பழக்கத்தால்தான். அஞ்சலி வேலைக்கென்று தனி ஃபோல்டர், மூலப் படமும் அதற்குள்ளேயே, விதியில் அந்த ஃபோல்டர் முழுவதும் விலக்கு. டிசைனர் முனகிக்கொண்டேதான் ஒப்புக்கொண்டார். இப்போதும் அவசரத்தில் டெஸ்க்டாப்பிலேயே போட்டுவிடுகிறார், ஆதலால் டெஸ்க்டாப்புக்கு நான் எந்த விதியும் எழுதவில்லை, அது அப்படியே நிரம்பி வழியட்டும்.

இதெல்லாம் ரொம்ப ஜாக்கிரதை என்று தோன்றினால் 2018 அக்டோபரை நினைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 10இன் 1809 அப்டேட் வந்தது. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மாதிரி ஃபோல்டர்களை வேறு டிரைவுக்கு மாற்றி வைத்தவர்களின் கம்ப்யூட்டரில் பழைய இடத்தில் அதே பெயரில் காலி ஃபோல்டர் ஒன்று வீணாகத் தெரிகிறது என்று புகார் இருந்ததால், அந்த இரட்டிப்பை நீக்க அப்டேட்டில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஆனால் சிலர் இடத்தை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஃபைல்களை நகர்த்தாமல் விட்டிருந்தார்கள். அப்டேட் பழைய ஃபோல்டரை உள்ளே இருந்ததோடு சேர்த்து அழித்தது. மைக்ரோசாஃப்ட் அப்டேட்டையே நிறுத்தி வைத்து, திருத்தி, நவம்பரில் மறுபடி வெளியிட வேண்டியதாயிற்று. அதே 1809இல்தான் டிஸ்க் கிளீனப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் சேர்ந்தது, எல்லா டிக்கையும் போட்டுப் பழகிய கைகள் அதையும் போட்டன, பிறகு வந்த பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். விண்டோஸை எழுதுகிறவர்களே இது யாருக்கும் வேண்டாதது என்று அனுமானித்த இடத்தில் வேண்டியது இருந்தது.

நான் விதியே எழுதாமல் விட்ட இடங்களும் உண்டு. விண்டோஸ் தன் பாகங்களை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் பார்க்கப் பெரிதாகத் தெரியும், அதிலிருக்கும் பல ஃபைல்கள் வேறு இடத்தில் இருப்பவற்றின் ஹார்ட் லிங்க் (அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) என்பதால் எக்ஸ்புளோரர் இரட்டிப்பாக எண்ணிக் காட்டுகிறது, கையால் தொட்டால் விண்டோஸே எழாமல் போகலாம், குறைக்க வேண்டுமென்றால் விண்டோஸிலேயே டிஸ்ம் என்ற கட்டளை இருக்கிறது. விண்டோஸுக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டரையும் அப்படித்தான், அழித்த அன்று ஒன்றும் தெரியாது, பிறகு ஏதாவது சாஃப்ட்வேரை நீக்கவோ அப்டேட் செய்யவோ போனால் பழைய எம்எஸ்ஐ (இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) எங்கே என்று நிற்கும். சாஃப்ட்வேர் வேகமாகத் திறக்க விண்டோஸ் குறித்து வைக்கும் ப்ரீஃபெட்ச்சை அழிப்பதால் ஒரு லாபமும் இல்லை. ரெஜிஸ்ட்ரி கிளீனிங் பக்கமே நான் போவதில்லை, அதில் கிடைக்கும் இடம் சொற்பம், மைக்ரோசாஃப்ட்டே அந்த மாதிரி சாஃப்ட்வேர்களை ஆதரிப்பதில்லை என்று சொல்லிவிட்டது. ஹைபர்னேட் யாரும் பயன்படுத்தாததால் இரண்டிலும் அணைத்துவிட்டேன், ஒரு கட்டளையில் கிடைத்த இடம் பல விதிகளைவிட அதிகம்.

அடுத்து செய்ய வேண்டியது கவுன்ட்டர் கம்ப்யூட்டரை மாற்றுவது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, அந்த மதர்போர்டில் 11 ஏறாது. விதிகளில் ஃபோல்டர் பெயரை நேராக எழுதாமல் பயனர் ஃபோல்டருக்கான மாறியை (அந்தந்த கம்ப்யூட்டரின் பெயரைத் தானே இட்டுக்கொள்ளும் குறிச்சொல்லை) வைத்தே எழுதியிருப்பதால் புதியதில் யூசர் பெயர் என்னவாக இருந்தாலும் அப்படியே ஓடும். ஒன்றே ஒன்று இடிக்கும். விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு அமைத்தால் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுக்குள் நகர்த்திவிட வாய்ப்பு அதிகம். ஸ்கேனர் போடும் ஃபைல்கள் எல்லாம் டாக்குமென்ட்ஸில்தான் விழுகின்றன. அப்போது பழைய பாதையைப் பார்க்கும் விதி ஒன்றையும் காணாமல் சும்மா திரும்பி வரும், ஊரார் ஆவணம் எல்லாம் அண்ணனின் அக்கவுன்ட்டில் மேலே ஏறி அவர் போன் வரைக்கும் போகும். பாதையைத் திருத்தி எழுதினாலும், இங்கே அழிப்பது ஒன்டிரைவின் ரீசைக்கிள் பின்னில் போய் இன்னும் சில வாரம் இருக்கும். ஆகவே முதலில் ஒன்டிரைவ் பேக்கப்பை நிறுத்திவிட்டு, டாக்குமென்ட்ஸ் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் விதிகளை ஏற்ற வேண்டும். அண்ணன் புது மெஷினுக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார், இந்த முறையாவது 500 ஜிபி போடச் சொல்லியிருக்கிறேன்.